ஒரு அரியர், மூன்று வருட டிகிரி: வெளிநாட்டில் எம்.எஸ்ஸி. படிக்க முடியுமா?

கேள்வி:

வணக்கம் மேடம். சேலத்தில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. தாவரவியல் மூன்றாம் ஆண்டு, ஐந்தாவது செமஸ்டர் படிக்கிறேன். ஊர் ஏற்காடு, நாகலூர் பக்கம். நாங்கள் மலையாளி பழங்குடி இனம். அப்பா எஸ்டேட்டில் வேலை பார்க்கிறார். எங்களுக்கென்று ஒன்றரை ஏக்கரில் காபியும் மிளகும் இருக்கிறது. காடு, மரம் சம்பந்தமாக வெளிநாட்டில் மேற்படிப்பு படிக்க வேண்டும் என்பது என் ஆசை. பாஸ் செய்த பாடங்களில் 71 சதவீதம் வருகிறது. மூன்றாவது செமஸ்டரில் அலைடு கெமிஸ்ட்ரியில் ஒரு அரியர் இருக்கிறது. அஞ்சு ரோடு பக்கம் ஒரு கன்சல்டன்சியில் விசாரித்தேன். "அரியர் ஒரு பிரச்சினையே இல்லை, ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு தேவையில்லை, ஜெர்மனியில் சீட் வாங்கித் தருகிறோம், 60 ஆயிரம் முன்பணம் கட்டுங்கள்" என்கிறார்கள். நிலத்தை அடமானம் வைத்தாவது அனுப்புகிறேன் என்கிறார் அப்பா. கல்லூரி சீனியர் ஒருவரோ, மூன்று வருட டிகிரியை வெளிநாட்டில் ஏற்கவே மாட்டார்கள் என்கிறார். எனக்குத் தகுதி இருக்கிறதா, இல்லையா? என் தம்பி பிளஸ் டூ படிக்கிறான். அவன் நேராகவே போக முடியுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஏற்காடு

பதில்:

அன்புள்ள மாணவிக்கு,

முதல் காரியமாக, அந்த 60 ஆயிரத்தைக் கட்டாதீர்கள். நிலத்தைப் பற்றிய பேச்சையும் அப்பாவிடம் இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். இரண்டுக்கும் காரணம் கீழே சொல்கிறேன். உங்கள் கேள்விக்கு நேரான பதில்: தகுதி பெறக்கூடிய நிலையில்தான் இருக்கிறீர்கள். இன்றே விண்ணப்பிக்கும் நிலையில் இல்லை.

சீனியர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் முதுகலைக்கு மொத்தம் 16 வருடப் படிப்பு கேட்கின்றன. பள்ளி 12, கல்லூரி 4 என்று கணக்கு. நம்முடைய பி.எஸ்ஸி. 15 வருடத்தில் முடிந்துவிடும். அதையும் ஏற்கிற பல்கலைக்கழகங்கள் அங்கே உண்டு, ஆனால் ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். பிரிட்டனில் இந்தச் சிக்கல் இல்லை, அவர்களுடைய இளங்கலையே பெரும்பாலும் மூன்று வருடம்தான். ஐரோப்பிய நாடுகளில் ஈசிடிஎஸ் என்ற கிரெடிட் கணக்கு ஓடுகிறது. ஒரு முழு வருடப் படிப்புக்கு 60 கிரெடிட், மூன்று வருட இளங்கலைக்கு 180. ஜெர்மனியில் எம்.எஸ்ஸி. படிப்புகள் பலவற்றுக்கு இந்த 180 போதும். சில படிப்புகள் 210 கேட்கும், அவற்றை ஒதுக்கிவிடுங்கள். உங்கள் மனம் ஜெர்மனியில் இருப்பதாகத் தெரிவதால் இனி அதையே வைத்துப் பேசுகிறேன்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் படிப்பு என்றதும் நம் பிள்ளைகள் முதலில் ஓடுவது ஆங்கிலத் தேர்வுக் கோச்சிங்குக்கு. அடுத்து மதிப்பெண்ணைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். ஜெர்மன் பல்கலைக்கழகம் முதலில் பார்ப்பது இரண்டையும் அல்ல. நீங்கள் மூன்று வருடத்தில் படித்த பாடங்களும் அவர்களுடைய எம்.எஸ்ஸி. எதிர்பார்க்கிற அடிப்படைப் பாடங்களும் பொருந்துகின்றனவா என்றுதான் பார்க்கிறார்கள். 85 சதவீதம் வாங்கியவர் பாடம் பொருந்தாமல் நிராகரிக்கப்படுவதும், 70 வாங்கியவர் இடம் பெறுவதும் சாதாரணமாக நடக்கிறது. ஏஜென்ட் யாரும் இந்த வேலையை உட்கார்ந்து செய்து தருவதில்லை. நீங்களே செய்யலாம், ஒரு ரூபாய் செலவில்லை.

எப்படிச் செய்வது? ஒரு நோட்டை எடுத்து, முதல் செமஸ்டரிலிருந்து படித்த ஒவ்வொரு தாளின் பெயரையும் எழுதுங்கள். பாசிகள், பூஞ்சைகள், தாவர வகைப்பாட்டியல், செல் உயிரியல், மரபியல், தாவரச் செயலியல், சூழலியல், அலைடு விலங்கியல், அலைடு வேதியியல் என்று எதையும் விடாமல் எழுத வேண்டும். பக்கத்தில் கிரெடிட், வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, எத்தனை மணி நேர லேப் என்று குறியுங்கள். அப்புறம் பிடித்த ஐந்தாறு எம்.எஸ்ஸி. படிப்புகளின் சேர்க்கை விதிமுறைப் பக்கத்தைத் திறந்து, அவர்கள் கேட்கும் பாடங்களை எதிரே எழுதுங்கள். வனவியல் படிப்புகளில் பொதுவாகத் தாவரவியலும் சூழலியலும் கேட்பார்கள், அது உங்களிடம் நன்றாகவே இருக்கிறது. கூடவே புள்ளியியல், மண் அறிவியல், பொருளாதாரம் ஆகியவற்றில் ஏதாவது கேட்கக்கூடும். நீங்கள் தடுமாறக்கூடிய இடம் அதுதான். ஐந்தாவது, ஆறாவது செமஸ்டரில் விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இன்னும் இருந்தால், உயிர்ப்புள்ளியியல் எடுங்கள். இல்லாவிட்டால் மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கக்கூடிய புள்ளியியல் பாடம் ஒன்றைப் படியுங்கள். அதைக் கட்டாயம் கணக்கில் எடுப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குறை எது என்று தெரிந்து முயற்சி எடுத்திருக்கிறீர்கள் என்பது தேர்வுக் குழுவுக்குத் தெரியும்.

எங்கே தேடுவது என்றால், ட்ரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வனவியல் துறை தரண்ட் என்ற சிற்றூரில் இருக்கிறது. ஹைன்ரிஷ் கோட்டா 1811இல் அங்கே வனவியல் கற்பிக்கத் தொடங்கினார், அந்த மரபில் வந்த துறை அது. வெப்பமண்டலக் காடுகளுக்கென்றே தனிப் படிப்பு அங்கே உருவானது. கட்டிங்கென், ஃப்ரைபுர்க் இரண்டிலும் வனவியலுக்கு நல்ல பெயர் உண்டு. வெப்பமண்டல வேளாண்மை பக்கம் போக விரும்பினால் பான், ஹோஹென்ஹைம் இரண்டையும் பாருங்கள். ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது, செமஸ்டர் பங்களிப்பு என்று ஒரு சிறு தொகை மட்டும் கட்டினால் போதும். ஃப்ரைபுர்க்கும் ஹோஹென்ஹைமும் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் மட்டும் வெளிநாட்டு மாணவர்களிடம் 2017இலிருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. வேறு சில பல்கலைக்கழகங்களும் கட்டணம் வாங்கத் தொடங்கியிருக்கின்றன, அதனால் ஒவ்வொன்றின் கட்டணப் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள்.

தாவரவியல் பட்டத்தை "தொடர்புடைய பட்டம்" என்று ஏற்பார்களா என்ற சந்தேகம் வரும். அந்தப் படிப்பின் ஒருங்கிணைப்பாளருடைய மெயில் முகவரி அதே பக்கத்தில் இருக்கும். நாலு வரியில் எழுதிக் கேளுங்கள், நோட்டில் போட்ட பாடப் பட்டியலை இணையுங்கள். வழிமுறையை மதித்து எழுதுகிற மாணவிக்குப் பெரும்பாலும் பதில் வருகிறது. பதில் வந்தால், உங்கள் பட்டியலைப் பார்த்துச் சொல்லும் அதிகாரம் உள்ளவரே சொல்லிவிட்டார் என்று அர்த்தம். அஞ்சு ரோட்டில் யாரும் அதற்கு மேல் சொல்லிவிட முடியாது.

பாடத்திட்டத்தின் நகலும் தேவைப்படும். உங்கள் கல்லூரி அல்லது பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து உங்கள் பேட்ச்சுக்கான பாடத்திட்டத்தை இறக்கி, துறைத் தலைவரிடம் கையெழுத்தும் சீலும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கல்லூரியை விட்டு வெளியே வந்த பிறகு இதற்காக அலைவது கஷ்டம்.

இப்போது மதிப்பெண். ஜெர்மனியில் 1 என்பது மிகச் சிறப்பு, 4 என்பது பாஸ். நம் சதவீதத்தை அதற்கு மாற்றுவதற்குப் பவேரியன் ஃபார்முலா என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, 3ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டுங்கள். உங்களுக்கு 100இல் 71, பாஸ் மார்க் 40. 29ஐ 60ஆல் வகுத்து 3ஆல் பெருக்கினால் 1.45, ஒன்றைக் கூட்டினால் 2.45. பல எம்.எஸ்ஸி. படிப்புகள் 2.5 அல்லது அதைவிட நல்ல மதிப்பெண் கேட்கின்றன. 2.5 என்பது நம் கணக்கில் சரியாக 70 சதவீதம். ஆக நீங்கள் கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிறீர்கள், ஆனால் ஒட்டி நிற்கிறீர்கள். கெமிஸ்ட்ரியில் 42 வாங்கி பாஸ் செய்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அந்தத் தாளும் சராசரியில் சேரும். மீதி இரண்டு செமஸ்டரில் 75க்கு மேல் எடுத்தால் மூச்சு விட இடம் கிடைக்கும்.

அரியர் பிரச்சினையே இல்லை என்று சொன்னவர் உங்களுக்கு நல்லது சொல்லவில்லை. ஒரு தடவை தோற்றுப் பிறகு பாஸ் செய்த தாள் இருப்பது பெரிய குறை அல்ல, அதற்காக நீங்கள் வெட்கப்படவும் வேண்டாம். ஆனால் பாஸ் செய்யாத தாள் ஒன்று பாக்கி இருக்கிறவரை பட்டம் முடிந்ததாகவே ஆகாது. புரொவிஷனல் சான்றிதழ் வராது. அது இல்லாமல் எம்.எஸ்ஸி. வகுப்பில் சேர முடியாது. எனவே வருகிற நவம்பர் தேர்விலேயே அதை முடித்துவிடுங்கள். தோற்ற செமஸ்டரின் மதிப்பெண் பட்டியலைக் கிழித்துப் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது, அதைச் செய்யாதீர்கள். சான்றிதழ் சரிபார்ப்புக்கு எல்லா மதிப்பெண் பட்டியலும் வேண்டும்.

அந்தச் சரிபார்ப்பு என்ன என்றும் சொல்லிவிடுகிறேன். ஜெர்மனிக்குப் படிக்கப் போகும் இந்திய மாணவர்கள் 2022 நவம்பர் 1 முதல் ஏபிஎஸ் என்ற சான்றிதழ் வாங்க வேண்டும். டெல்லியில் ஜெர்மன் தூதரகத்தைச் சேர்ந்த அலுவலகம் உங்கள் பத்தாவது, பிளஸ் டூ, கல்லூரிச் சான்றிதழ்கள் உண்மையானவையா என்று பார்த்துத் தருவது. கட்டணம் 18,000 ரூபாய். சில வாரங்களில் கிடைக்கும், கூட்டமான மாதங்களில் தாமதமாகும். இது இல்லாமல் மாணவர் விசா கிடையாது, பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தையே வாங்குவதில்லை. நீங்கள் போன கன்சல்டன்சி இதைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது. எனக்கு அந்த ஒன்றே போதும், அவர்களை நம்ப வேண்டாம் என்று சொல்ல.

அவர்கள் "சீட் வாங்கித் தருகிறோம்" என்பது பெரும்பாலும் கட்டணம் வாங்கும் தனியார் கல்வி நிறுவனங்களில்தான். சேர்த்துவிடுகிற ஏஜென்ட்டுக்கு அங்கிருந்து கமிஷன் வரும். தனியார் என்பதற்காக எல்லாம் மோசம் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அந்த நிறுவனம் ஜெர்மன் அரசின் அங்கீகாரம் பெற்றதா என்று அனாபின் என்ற அரசுத் தரவுத்தளத்தில் பார்க்காமல் ஒரு காசும் தரக்கூடாது. அரசுப் பல்கலைக்கழகத்தில் யாரும் யாருக்கும் சீட் வாங்கித் தர முடியாது. உங்கள் பேரில் நீங்கள் விண்ணப்பிக்க வேண்டியதுதான், பல இடங்களில் யூனி-அசிஸ்ட் என்ற பொது விண்ணப்பச் சேவை வழியாக.

ஐஇஎல்டிஎஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஆங்கில வழியில் படித்ததாகக் கல்லூரி தரும் சான்றிதழை ஏற்கிற படிப்புகள் உண்டுதான். ஆனால் நல்ல படிப்புகள் பலவும் ஐஇஎல்டிஎஸ் அல்லது டோஃபல் கேட்கின்றன, பெரும்பாலும் ஐஇஎல்டிஎஸ்ஸில் 6.5. நீங்கள் பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்தவராக இருக்கலாம். அப்படியானால் இதற்கு ஆறேழு மாதம் ஒதுக்குங்கள். அதில் எழுத்துப் பகுதிதான் நம் பிள்ளைகளை இழுத்துவிடுகிறது, பேச்சு அல்ல. தினமும் ஒரு பக்கம் ஆங்கிலத்தில் எழுதி உங்கள் ஆங்கிலத் துறை ஆசிரியரிடம் திருத்தி வாங்குங்கள். தேர்வு மதிப்பெண் இரண்டு வருடம்தான் செல்லும், அதனால் இப்போதே அவசரப்பட்டு எழுத வேண்டாம். பழங்குடியின மாணவர்களுக்கு இந்தத் தேர்வுகளுக்கான பயிற்சியைத் தாட்கோ என்ற தமிழ்நாடு அரசு நிறுவனம் கட்டணமில்லாமல் தருகிறது. சேலம் தாட்கோ அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.

தேர்வு எழுதவே பாஸ்போர்ட் வேண்டும், ஆகவே அதுதான் உண்மையில் உங்கள் முதல் வேலை. சேலத்திலேயே அஞ்சலகப் பாஸ்போர்ட் சேவை மையம் இருக்கிறது. அங்கே போவதற்கு முன் உங்கள் பெயரைப் பற்றி வீட்டில் உட்கார்ந்து முடிவெடுங்கள். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலர் வழுக்கி விழுகிற இடம் இது. நம் மதிப்பெண் பட்டியலில் "மு. வள்ளி" என்று இனிஷியலோடு இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்து எழுத வேண்டும். பெயர் என்ற இடத்தில் வள்ளி, குடும்பப் பெயர் என்ற இடத்தில் முத்து என்று இரண்டையும் நிரப்புங்கள். ஒன்றைக் காலியாக விட்டால், பின்னால் ஒவ்வொரு படிவத்திலும் தொல்லை. அமெரிக்க விசாவில் முதல் பெயர் தெரியவில்லை என்ற பொருளில் எஃப்என்யூ என்று அச்சடித்துவிடுவார்கள். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியேதான் ஏபிஎஸ், ஐஇஎல்டிஎஸ், பல்கலைக்கழக விண்ணப்பம், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் எழுத வேண்டும். பத்தாவது சான்றிதழில் அப்பா பெயரின் ஸ்பெல்லிங் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருந்தால், ஆதாரை இப்போதே திருத்திவிடுங்கள்.

இனி பணம். ஜெர்மனி விசாவுக்கு, ஒரு வருடம் வாழ்வதற்கான பணம் கையில் இருப்பதாகக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அது வருடத்துக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. நம் பணத்தில் ஏறத்தாழ 12 லட்சம். முடக்கக் கணக்கு என்று ஒன்றில் போட்டு வைத்தால் மாதாமாதம் எடுத்துக்கொள்ளலாம். உதவித்தொகை கிடைத்ததற்கான கடிதம் இருந்தால் அதையும் ஏற்பார்கள். அங்கே போய் வேலை செய்து சம்பாதித்துக்கொள்ளலாம் என்று சொல்பவர்கள், விசாவுக்கு முன்பே இந்தப் பணத்தைக் காட்ட வேண்டும் என்பதைச் சொல்வதில்லை. மாணவர்கள் வருடத்துக்கு 140 முழு நாள் வேலை பார்க்கச் சட்டம் அனுமதிக்கிறது, உண்மைதான். ஆனால் ஊர் பழகி, மொழி கொஞ்சம் வந்து, வேலை கிடைக்கும் வரை கைக்காசுதான். சிலர் யாரிடமாவது பணம் வாங்கிக் கணக்கில் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டையும் சொல்வார்கள். அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்யான பணக் கணக்கைக் காட்டி மாட்டினால் விசா மறுக்கப்படும், அடுத்த விண்ணப்பத்திலும் அது தொடரும்.

உங்கள் நிலைமையில் நான் நம்பிக்கை வைப்பது கடனில் அல்ல, உதவித்தொகையில். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கானது. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கு வருடத்துக்கு 36 லட்சம் வரை தருகிறார்கள். ஜெர்மனியில் படிக்க இதில் பாதிகூடத் தேவைப்படாது. எந்தப் பல்கலைக்கழகங்களை ஏற்பார்கள், இளங்கலையில் எவ்வளவு மதிப்பெண் வேண்டும், எந்த மாதம் விண்ணப்பம் என்ற விவரங்களை, பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, சேலம் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள். பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்த பிறகு, உதவித்தொகைப் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்று தெரிய வந்தால் மனசு உடைந்துவிடும். மத்தியப் பழங்குடியினர் நல அமைச்சகமும் வெளிநாட்டுப் படிப்புக்கு உதவித்தொகை தருகிறது. நாடு முழுக்க வருடத்துக்கு 20 பேருக்குத்தான், வருமான வரம்பும் 6 லட்சம். அதற்கும் விண்ணப்பியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம்.

இரண்டுக்கும் சாதிச் சான்றிதழ் உயிர்நாடி. பழங்குடியினருக்கான சான்றிதழைத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர் கையெழுத்திட்டதுதான் செல்லும். உங்களிடம் இருப்பது அதுதானா என்று இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். மலையாளி இனச் சான்றிதழ் வாங்கப் பல குடும்பங்கள் எவ்வளவு அலைகின்றன என்பதை நான் பார்த்திருக்கிறேன். கடைசி நேரத்தில் அதற்காக ஓடும் நிலை உங்களுக்கு வரக்கூடாது. வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கலாம். அது காலாவதி ஆகும் என்பதால், உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் சமயத்தில் வாங்கினால் போதும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால், வங்கிகளின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் ஏழரை லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக்கூடாது. அதற்கு மேல் போனால் கேட்பார்கள், வெளிநாட்டுப் படிப்பு என்றால் செலவில் 15 சதவீதத்தை நீங்கள் போட வேண்டும். பிஎம் வித்யாலட்சுமி என்று 2024இல் வந்த திட்டம் இந்தியக் கல்லூரிகளுக்கு மட்டும், அதை யாராவது ஜெர்மனிக்குச் சொன்னால் நம்பாதீர்கள். அப்பா சொல்கிற நிலத்துக்கு வருகிறேன். கடனைத் திருப்பிக் கட்டாவிட்டால் வங்கி சொத்தை எடுத்துக்கொள்ள உதவும் சர்ஃபேசி சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது. அதனால் கல்விக் கடனுக்கு விவசாய நிலத்தை அடமானமாக வாங்க வங்கிகள் பொதுவாக விரும்புவதில்லை. அப்படியென்றால் அந்த நிலத்தின் பேரில் பணம் தருகிறவர் யார்? வட்டிக்கு விடுகிற தனியார்தான். மலையில் ஒன்றரை ஏக்கர் காபி ஒருவர் கையைவிட்டுப் போனால் திரும்பி வராது. உங்கள் படிப்புக்கு அந்த விலை தேவையே இல்லை. இதை அப்பாவிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

அந்த நிலத்தால் வேறு விதத்தில் உங்களுக்குப் பெரிய பயன் இருக்கிறது. ஜெர்மன் பல்கலைக்கழகங்கள் நோக்கக் கடிதம் ஒன்று கேட்கும். ஏன் இந்தப் படிப்பு, ஏன் நீங்கள் என்று ஒரு பக்கம் எழுத வேண்டும். கன்சல்டன்சிகளில் ஒரே கடிதத்தைப் பெயரை மட்டும் மாற்றி எல்லோருக்கும் கொடுக்கிறார்கள், படிக்கிற பேராசிரியருக்கு இரண்டாவது வரியிலேயே தெரிந்துவிடும். உங்களுக்கு அப்படி ஒன்று தேவையில்லை. 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்த காபி இன்றும் அந்த மலையில் நிழல் மரங்களுக்குக் கீழேதான் வளர்கிறது. சில்வர் ஓக்கில் மிளகுக்கொடி ஏற்றி, அடியில் காபி வைத்து, இடையில் பலாவும் ஆரஞ்சும் நிற்கிற தோட்டத்தை நீங்கள் சின்ன வயதிலிருந்து பார்க்கிறீர்கள். வேளாண் காடு வளர்ப்பு என்று அவர்கள் பாடமாக நடத்துவது இதைத்தான். எந்த மரத்தை வெட்டினால் காபிச் செடி வாடுகிறது, நாட்டு மரங்கள் போய் சில்வர் ஓக் மட்டும் நின்றதில் என்ன மாறியது என்று அப்பாவும் தாத்தாவும் பேசுவதைக் கேட்டு எழுதிவையுங்கள். உங்கள் கடிதத்தின் உயிர் அதில்தான் இருக்கும்.

இதோடு ஒரு சிறு ஆய்வு அனுபவமும் இருந்தால் இன்னும் நல்லது. ஏற்காட்டிலேயே இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் தேசிய ஆர்க்கிட் தோட்டம் இருக்கிறது, 1963இல் தொடங்கியது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையமும் இருக்கிறது. துறைத் தலைவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு போய், ஆறாவது செமஸ்டர் புராஜெக்ட்டையோ கோடை விடுமுறைப் பயிற்சியையோ அங்கே செய்ய முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்று சொன்னால் உங்கள் தோட்டத்திலேயே நிழல் மரக் கணக்கெடுப்பு ஒன்றை ஆசிரியர் மேற்பார்வையில் செய்யுங்கள். பரிந்துரைக் கடிதம் எழுதும் ஆசிரியருக்கும் அப்போதுதான் எழுத விஷயம் கிடைக்கும்.

கால அட்டவணையை யோசித்துப் பார்த்தால், பட்டம் முடிக்கிற வருடமே போக அவசரப்படுவது சரியாக வராது. உங்கள் கடைசி செமஸ்டர் தேர்வு ஏப்ரலில் முடிந்து, ரிசல்ட்டும் சான்றிதழும் கைக்கு வர ஜூன், ஜூலை ஆகிவிடும். ஜெர்மனியில் அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்கு வெளிநாட்டு மாணவர்கள் விண்ணப்பிக்கும் கடைசித் தேதி பல இடங்களில் மே 31 அல்லது ஜூலை 15, சில படிப்புகளுக்கு இன்னும் முன்பே. ஏபிஎஸ், ஐஇஎல்டிஎஸ், உதவித்தொகை, சென்னையில் விசா என்று எல்லாவற்றையும் இந்த இடுக்கில் திணிக்க முடியாது. பட்டம் முடிக்கிற வருடத்துக்கு அடுத்த வருட அக்டோபரைக் குறிவையுங்கள். இடையில் வருகிற அந்த ஒரு வருடத்தை வீண் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். துறை சார்ந்த வேலையோ புராஜெக்ட் உதவியாளர் பணியோ கிடைத்தால் சேருங்கள், ஜெர்மன் மொழி ஆரம்ப நிலையைப் படியுங்கள். வளரும் நாட்டு மாணவர்களுக்காக டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு தரும் ஈபோஸ் உதவித்தொகைக்குப் பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும். அரசுத் திட்டம் எதுவும் கைகூடாவிட்டால் அந்த வழியும் திறந்திருக்கும், அதற்கான அனுபவத்தையும் இந்த வருடத்திலிருந்தே சேர்க்கத் தொடங்கலாம்.

தம்பியைப் பற்றிச் சுருக்கமாக. தமிழ்நாடு பிளஸ் டூ மட்டும் வைத்துக்கொண்டு ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகத்தில் நேராக இளங்கலை சேர முடியாது. ஜேஇஇ அட்வான்ஸ்டு தேர்வில் வென்றிருக்க வேண்டும், அல்லது இங்கே ஒரு கல்லூரியில் முதல் வருடத்தை வெற்றிகரமாக முடித்திருக்க வேண்டும், அல்லது ஸ்டூடியன்கொலெக் என்ற ஆயத்தப் படிப்பை அங்கே ஒரு வருடம் படித்துத் தேற வேண்டும். இளங்கலை பெரும்பாலும் ஜெர்மன் மொழியில்தான் நடக்கும். அவன் இங்கேயே நல்ல கல்லூரியில் பட்டம் முடிக்கட்டும் என்பதே என் அபிப்பிராயம்.

உங்கள் கடிதத்தில் பாடப் பட்டியலை இணைக்கவில்லை. மேலே சொன்னபடி நோட்டில் எழுதி, கிரெடிட் விவரத்தோடு எனக்கு அனுப்புங்கள். எந்தெந்தப் படிப்புகளுக்குப் பொருந்துகிறது, எங்கே இடைவெளி இருக்கிறது என்று பார்த்து எழுதுகிறேன்.